கடைசிப் பக்கம் லீவில் போயிருக்கிறது

எங்கள் குடியிருப்பின் பகல் நேரக் காவலாளி சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர்தான் வாசலில். முன்னாள் ராணுவத்தார். சட்டைக் கையின் மடிப்பில் விரலை வைத்தால் அறுத்துவிடும் போலிருக்கும். கூரியர் பையன்கள் அவரைக் கண்டால் பைக்கை வெளியிலேயே அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மழை நாள் மத்தியானம் கேபினுக்குள் உட்கார்ந்து சிரிப்புக் காமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தார். சிரிக்காமல்தான் படித்தார், அது வேறு விஷயம்.

எனக்குக் கால் நகரவில்லை. மென்பொருளில் எது எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். சம்பளமில்லாமலும் அதையேதான் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார். போதாததற்குப் பழைய தமிழ்க் காமிக்ஸ் சேர்க்கும் கிறுக்கும் எனக்கு உண்டு. சாணித் தாளில் இரண்டே வண்ணத்தில் அச்சடித்து, ரயில் நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்த வகை. அதிலும் பட்டாளத்துச் சிரிப்புக் கதைகள் என்றால் நான் குடையை மடக்க மறந்து நிற்பேன்.

"அண்ணா, அது என்ன புக்கு?"

"சும்மா, பழசு மேடம்." அட்டையைத் தொடையில் கவிழ்த்துக்கொண்டார்.

அடுத்த சில நாட்கள் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் அவர் ஒரு துணிப்பை நிறைய அந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். விலை பேசினேன். முகம் கடுத்துவிட்டது. "விக்கறதுக்கு இல்ல மேடம். படிச்சிட்டுக் குடுத்துருங்க."

எல்லாம் ஒரே வரிசைக் கதைகள். எங்கோ ஒரு மலையடிவார முகாம். தனக்கு முன்னால் மீசை வந்து சேரும் ஒரு மேஜர், பூட்ஸ் லேஸ் கூட எடுத்துக் கொடுக்க மனம் வராத ஸ்டோர் குமாஸ்தா, எதையும் தப்பாகவே செய்து எப்படியோ தப்பித்துவிடும் ஒரு குண்டுச் சமையல்காரர். இவர்கள் கடைசி வரை ஒரு குண்டுகூடச் சுடுவதில்லை. யுத்தமெல்லாம் சோற்றுக்கும் லீவுக்கும்தான்.

இரண்டாவது புத்தகத்திலேயே என் மூக்கு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. புத்தகம் சரியாக மூடவில்லை. பின்பக்கம் உப்பியிருந்தது. திருப்பிப் பார்த்தால் கடைசித் தாளை யாரோ அடியோடு கிழித்து, மறுபடி ஒட்டியிருக்கிறார்கள். அடுத்ததை எடுத்தேன். அதிலும் அப்படியே. அதற்கடுத்ததில் ஒரே தாளைப் பலமுறை கிழித்து ஒட்டியதில் ஓரம் அப்பளம்போலத் தடித்திருந்தது. ஒட்டிய இடத்தின் பக்கத்தில் பேனாவால் ஒற்றை எழுத்து. ஒரு புத்தகத்தில் ஒன்று, இன்னொன்றில் நாலைந்து. பையில் இருந்த எல்லாவற்றிலும் இதே கதை. தரையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, சாப்பாடு ஓட்டலில் சொல்லிவிடலாமா என்று கணவர் கேட்டார்.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் கடைசித் தாள் இல்லவே இல்லை. அதுதான் இருப்பதிலேயே நல்ல கதை. சமையல்காரர் ஒரு கோழி வளர்க்கிறார். அதற்குத் தீனி வேண்டுமே என்று அதையும் ஒரு சிப்பாயாகப் பேரேட்டில் ஏற்றி ரேஷன் வாங்கிவிடுகிறார். அந்தச் 'சிப்பாய்' லீவே கேட்டதில்லை, தண்டனையே வாங்கியதில்லை. பெரிய தளபதி வருகிறார், இப்படி ஒரு வீரனா என்று வியந்து, மெடல் குத்த ஆளைக் கூப்பிடு என்கிறார். மேஜரின் மீசை துடிக்கிறது. சமையல்காரர் கூடாரத்துக்குள் ஓடுகிறார். அவ்வளவுதான். அதற்குமேல் தாள் இல்லை.

மறுநாள் காலை அலுவலக வண்டியைக் கோட்டைவிட்டாலும் பரவாயில்லை என்று கேபின் வாசலில் நின்றேன்.

"அண்ணா, எல்லா புக்குலயும் கடைசிப் பக்கத்தை யார் கிழிச்சது? ஒண்ணுல மட்டும் ஏன் இல்லை?"

அவர் கேட்டைத் திறந்து ஒரு காரை அனுப்பிவிட்டு, திரும்ப மூடிவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

"அது பட்டாளத்துல நாங்க தங்கியிருந்த பேரக்கு பழக்கம் மேடம். லீவுல போறவன் ஒரு புக்கு எடுத்து, கடைசித் தாளக் கிழிச்சினு போவான். திரும்பி வந்து ஒட்டணும். அதுவரைக்கும் அந்த ஜோக்கு யாருக்கும் கெடையாது."

"முன்னாடியே படிச்சவங்க இருப்பாங்களே?"

"இருந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. ஆனா போறவன் வெவரமா புது புக்கா பாத்து எடுப்பான். அப்பத்தான எல்லாரும் அவனுக்காகக் காத்துகினு இருப்பானுங்க."

திரும்பி வருகிறவன் பெட்டியைத் தரையில் வைக்கும் முன்னால், ஊறுகாய் பாட்டிலை யாருக்கும் காட்டும் முன்னால், அந்தப் பக்கத்தை எல்லாருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டுமாம். பிறகு லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், ஒரு பிடி சோறு வாங்கி மசித்து, ஒட்டிவிட்டு, பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவான். வந்து சேர்ந்தாயிற்று என்பதற்கு அடையாளம். பனி மலையில் வேறு பொழுதுபோக்கு இல்லாதபோது யார் தொடங்கியது என்று அவருக்கும் தெரியவில்லை. அவர் சேரும்போதே அந்தப் பழக்கம் இருந்தது.

"அப்ப இந்தக் கோழி புக்கு?"

"அது லீவுல போயிருக்கு மேடம்," என்றார்.

அன்றைக்கு அதற்குமேல் பெயரவில்லை. மழைக்காலம் முழுக்க, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாகக் கறந்தேன். அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போனவர் லங்கரில் சமையல்காரர். செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் இருவரும் ஒன்றாக ரயிலேறித்தான் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். இவர் வேடந்தாங்கல் பக்கத்து ஆள், விவசாயக் குடும்பம். அவர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம், அப்பாவுக்கு டீக்கடை. பனி கொட்டும் இடத்தில் புளிக்குழம்பு வைத்து மொத்த பேரக்கையும் ஊருக்கே கொண்டுபோய்விடுவாராம். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று லீவில் போனவர் திரும்பி வரவில்லை. லீவு முடிந்து நாட்கள் ஓடின. வடக்கத்திய அதிகாரி ஒருவர் இவரைக் கூப்பிட்டு, உன் ஊர்க்காரன் எங்கே என்று கேட்டார்.

"கண்டிப்பா வருவான் சாப், கடைசிப் பக்கம் அவன்கிட்டதான் கீதுன்னு சொல்ட்டேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"நக்கல் பண்றன்னு நெனச்சிட்டாரு. கையில இருந்த பட்டை ஒண்ணு போச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. பதவிப் பட்டை போனதில் வருத்தம் இல்லையாம். தான் கொடுத்த வாக்கு இன்னும் நிற்கிறது, அதுதான் உறுத்துகிறது என்றார். வருவான் என்று ஒரு தடவை சொல்லியாகிவிட்டது. ஆண்டுகள் போய், டிவியும் செல்போனும் வந்தபிறகு பேரக்கில் அந்தப் புத்தகங்களைச் சீண்ட ஆள் இல்லை. ஓய்வு பெறும்போது பையோடு அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மற்றதெல்லாம் வீட்டுப் பரணில் இருந்தன. கோழிப் புத்தகம் மட்டும் வேலை பார்க்கும் இடத்துக்கெல்லாம் அவருடனேயே வந்தது, நான் பையோடு திருப்பிக் கொடுத்தபின் மறுபடி கேபின் மேஜைக்குள் இருந்தது.

"நீங்களே ஒரு நடை போய்ப் பாத்திருக்கலாமே? இங்கிருந்து எவ்வளவு தூரம்?"

"ஓடியாந்தவனத் தேடி ஆளுங்க வருவாங்க மேடம். நான் லீவுல வரும்போது எம் பின்னாடியே வந்து அவன அள்ளிகினு போய்ட்டா? அந்தப் பக்கம் தல வச்சே படுக்கல. அப்பறம் அதே பழகிப் போச்சு."

இங்கேதான் நான் அதிகப்பிரசங்கித்தனம் செய்தேன். பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கோழிக்கதையின் கடைசிப் பக்கம் யாரிடமாவது உண்டா என்று கேட்டுப் போட்டேன். மாலைக்குள் ஒருவர் பளிச்சென்று படமெடுத்து அனுப்பிவிட்டார். ஆவலோடு திறந்தேன். சமையல்காரர் கோழிக்குத் தொப்பி மாட்டிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தளபதி குனிந்து மெடல் குத்தப்போக, கோழி அவர் தொப்பியில் முட்டை போடுகிறது. "இன்னொரு சிப்பாய் சேர்ந்துவிட்டான் ஐயா, ரேஷன் உயர்த்துங்கள்" என்கிறார் சமையல்காரர். முற்றும். இதற்காகவா இத்தனை நாள் மண்டை குடைந்தது என்று இருந்தது எனக்கு.

இருந்தாலும் சந்தோஷப்படுவார் என்று நினைத்து, அதே அளவில் வண்ணம் பிசகாமல் அச்செடுத்து, காலையில் கேபினில் நீட்டினேன்.

"அண்ணா, உங்க கடைசிப் பக்கம் வந்துடுச்சு."

கையிலிருந்த டீ டம்ளரை அவர் மேஜையில் வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தாளை வாங்கவில்லை. "யாரு குடுத்தது? அவன் இன்னா ஆனான்?" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை. நான் பதறிப்போய், இது நெட்டில் எடுத்தது, வெறும் நகல் என்று விளக்கினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிறகு சொன்னார். ஒருமுறை ஒரு பக்கம் தபாலில் வந்ததாம். லீவில் போனவன் ஊரில் பஸ் விபத்தில் போய்விட்டான். அண்ணன் பெட்டியில் இருந்தது, உங்களுடையது போலிருக்கிறது என்று தம்பி உறையில் போட்டு அனுப்பியிருக்கிறான். அதை ஒட்டினார்கள், ஆனால் யாரும் படிக்கவில்லை. அன்றிலிருந்து ஆள் வராமல் பக்கம் மட்டும் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஒட்டிடலாம் மேடம், ஒட்டறதா பெருசு. ஒட்டிட்டா அவன் வந்துட்டான்னு ஆவும், இல்லாட்டி போய்ட்டான்னு ஆவும். எதுன்னு தெரியாம எப்படி ஒட்டறது?"

என்னை நானே நொந்துகொண்டேன். ஆனால் நான் நொந்துகொண்டு சும்மா இருக்கிற ஜாதி இல்லை. அந்த மாதமே குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காவல் கம்பெனியை மாற்ற முடிவாகிவிட்டது. மாதக் கடைசியோடு இவரை வேறு எங்கோ போடுவார்கள், ஒரகடம் பக்கமோ எங்கோ, அவருக்கே தெரியவில்லை. அதற்குமேல் லீவில் போனவர் உயிரோடு இருந்து, ஒருநாள் தேடி வந்தால்கூட இவரைப் பிடிக்க முடியாது. கோழி எக்கேடு கெட்டுப் போகட்டும், அந்த நிஜச் சமையல்காரர் என்ன ஆனார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை கணவரை வண்டியெடுக்க வைத்தேன். கடற்கரைக்கு என்றுதான் சொன்னேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் விஷயத்தை உடைத்தேன்.

"உனக்கு ஏண்டி இந்த ஊர்வம்பு? அந்த மனுஷன் ஒளிஞ்சு வாழ்ந்துக்கிட்டிருந்தா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சவுக்குத் தோப்பு ஓரமாக இருந்த முதல் கடையில், பட்டாளத்தில் சமையல் செய்தவர் யாராவது உண்டா என்று கேட்டதுமே, "மிலிட்டரியா? அண்ணாத்த கட அந்தாண்ட கீது பாரு, மீன் வறுவல் போட்டுகினு இருப்பாரு," என்று கை காட்டிவிட்டார்கள். பட்டாளத்தை விட்டு ஓடிவந்தவரை ஊரே இத்தனை ஆண்டுகளாக மிலிட்டரி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

ஒல்லியான ஆள். கல்லில் வஞ்சிரத் துண்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்து, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, ஒரு கோழிக்குத் தளபதி மெடல் குத்த வந்த கதை தெரியுமா என்று கேட்டேன். கரண்டியைத் தட்டின்மேல் வைத்தார். முதல் கேள்வியாக, "உசுரோட கீறானா?" என்றார். அங்கே அவர், இங்கே இவர், இருவருக்கும் அதே பயம்தான்.

இருக்கிறார், ஊரப்பாக்கத்தில் எங்கள் வாசலில்தான் நிற்கிறார் என்றேன். மெதுவாக எதிரில் வந்து உட்கார்ந்தார். மனைவிக்கு உடம்பு தேறக் கொஞ்சம் நாள் பிடித்திருக்கிறது. லீவு தாண்டிவிட்டது. தாமதமாகப் போனால் என்ன செய்வார்களோ என்று பயந்து இன்னும் சில நாள் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதால் பயம் கூடியது. அப்படியே நின்றுவிட்டார். யாரும் பிடிக்க வரவில்லை, ஒரு காகிதம் மட்டும் வந்து வேலை போய்விட்டது. இதை அவர் சொன்ன விதத்தில் ஒரு பெரிய ரகசியமும் இல்லை. பள்ளிக்கு ஒருநாள் மட்டம் போட்ட பிள்ளை மறுநாளும் போக முடியாமல் தவிக்குமே, அதுதான். எனக்கு நன்றாகவே புரிந்தது.

"ஒரு தபா செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுல அவனப் பாத்தேம்மா. யூனிஃபாரத்துல நின்னுகினு இருந்தான். கரும்புஜூஸ் மெஷினுக்குப் பின்னாடி பூந்துட்டேன். கையில பட்டை ஒண்ணு கொறஞ்சிருந்திச்சி. என்னாலதான அவனுக்குப் பட்டை போச்சு. கோவமா இருப்பான். இல்லன்னா இத்தினி வருஷத்துல ஒரு நாளாச்சும் வந்திருப்பான் இல்ல?"

உங்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் அவர் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ரேஷன் கார்டு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறை. அதற்குள் மடிக்காத, பழுத்த ஒரு தாள். தொப்பி மாட்டிய கோழி மேலே தெரிந்தது.

"நீங்களே குடுத்துருங்கம்மா. எனக்கு அவன் மூஞ்சில முழிக்க தைரியமில்ல."

அசல் பக்கம். இந்த ஒரு தாளுக்காக நான் எத்தனை பேரை நச்சரித்திருப்பேன். கை தானாகவே நீண்டுவிட்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன்.

"நான் வாங்க மாட்டேங்க. ஆள் வராம பக்கம் மட்டும் வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். அவர்கிட்ட போய் அதை என்னால சொல்ல முடியாது."

அவர் உறையைப் பிடித்தபடியே நின்றார். மாதக் கடைசி வரைக்கும்தான் எங்கள் வாசலில் இருப்பார் என்று சொல்லி, வழியையும் சொல்லிவிட்டு வந்தேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. சாப்பிட்டதற்குக் காசும் வாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கணவர் என்னைத் திட்டவே இல்லை. அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

வாசலில் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிவிட்டு, அவர் வராமல் போனால் இந்த மனிதர் இரண்டாவது முறையும் ஏமாற வேண்டும். தினமும் பால்கனியிலிருந்து கேட்டைப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர், இஸ்திரிக்காரர், சங்கச் செயலாளர், யார் உள்ளே நுழைந்தாலும் எட்டி முகத்தைப் பார்த்தேன். கடைசி வாரம் புதுக் கம்பெனி ஆட்கள் வந்து கேமராவுக்கு இடம் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் கேபின் மேஜையைத் துடைத்து, தன் சாமான்களை அதே துணிப்பையில் போட்டுவைத்திருந்தார்.

அவருடைய கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கறிவேப்பிலை வாங்கப்போவதாகச் சொல்லி காலையிலிருந்தே கீழே சுற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு கையில் துணி சுற்றிய தூக்கு. இன்னொரு கையில் உறை. நடை மட்டும் ஒருமாதிரி விறைப்பாக இருந்தது.

"யாரப் பாக்கணும்?" என்றார் எங்கள் காவலாளி, யார் வந்தாலும் கேட்பதுபோல. கேட்டு முடித்தபின்தான் முகத்தைப் பார்த்தார்.

தண்ணீர் லாரி ஒன்று வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்தது. வந்தவர் தூக்கைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"வைக்காத," என்றார் எங்கள் காவலாளி. "மொதல்ல படி."

வந்தவர் நிமிர்ந்து, உறையிலிருந்து தாளை எடுத்துப் பிடித்தார். பிடித்தது தலைகீழாக. கண்ணாடி போட்டிருக்கவில்லை, போட்டிருந்தாலும் தேவைப்பட்டிருக்காது. மேஜர் என்ன சொன்னார், தளபதி எப்படிக் குனிந்தார், கோழி என்ன செய்தது என்று வரி பிசகாமல் சொல்லிக்கொண்டு போனார். ஹாரன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி, "இன்னொரு சிப்பாய் சேர்ந்துவிட்டான் ஐயா, ரேஷன் உயர்த்துங்கள்," என்று முடித்தார்.

அப்போதுதான் எங்கள் காவலாளி சிரித்து முதல்முறையாகப் பார்த்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இருமி, கண்ணைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். துடைத்த கையின் மடிப்பு கசங்கிப்போயிற்று. அந்த மட்டமான முட்டை ஜோக்குக்கு நானும் சிரித்தேன், அழவும் செய்தேன்.

லாரிக்காரர் இறங்கி வந்து என்ன என்று எட்டிப் பார்த்தார். எங்கள் காவலாளி அதைக் கவனிக்கவே இல்லை. மேஜையிலிருந்து கோழிப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

"மேடம், வூட்ல சோறு கீதா? ஒரு பிடி போதும்."

ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு எங்கள் வீட்டில் எங்கே சோறு வடித்திருப்போம்? பிரிட்ஜில் நேற்று ராத்திரி மிஞ்சியது கொஞ்சம் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினேன்.